காது வீடு

பதினோரு பேருக்குப் பன்னிரண்டு குரல் வந்தது.

கங்காணி கோட்டைச்சாமி மண் பாதையில் நின்று வாயைக் குவித்து "ஓய்ய்" என்று நீட்டிக் கூவ, ஏலச்செடிகளின் தூரில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இருந்த இடத்திலிருந்தே ஆளுக்கு ஒரு "ஓய்" போட்டார்கள். ஓடைப் பக்கமிருந்து இரண்டு, கீழ் நிரையிலிருந்து நான்கு, பாறையை ஒட்டி மூன்று, பக்கத்துத் தூரில் பொன்னுமணி ஒன்று. கலையரசி தன் பங்குக்கு ஒன்று கொடுத்துவிட்டு, பிசின் ஏறிக் கறுத்த விரல்களை மடக்கிப் பார்த்தாள். காலையில் போடியிலிருந்து இரண்டு ஜீப்பில் ஏறி வந்தவர்கள் பதினோரு பேர்தான். கணக்கு சரியாக முடிந்து, இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தபோது, யாருமே வேலை செய்யாத மேட்டிலிருந்து இன்னொரு "ஓய்" இறங்கி வந்தது. பெண் குரல். முடிகிற இடத்தில் லேசாக மூக்குக்குள் ஏறுகிற குரல். பிறந்ததிலிருந்து அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் கலையரசி.

அவளுடைய அக்கா பவதாரணியின் குரல் அது. பவதாரணி இந்தக் காட்டில் காணாமல் போய் அன்றோடு பதினாலு நாள்.

யாரும் பதறவில்லை. பொன்னுமணி முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டு அடுத்த தூருக்கு நகர்ந்தாள். கோட்டைச்சாமி நோட்டை எடுத்து, பதினொன்று என்று எழுதி, மடித்துச் சட்டைக்குள் வைத்தார். பன்னிரண்டாவது குரலை எப்படிக் கேட்காமல் இருப்பது என்று எல்லாரும் பழகிவிட்டிருந்தார்கள். கலையரசிக்குப் பயத்தைவிட அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஏலக்காட்டில் ஆளை ஆள் பார்க்க முடியாது. செடி ஒன்றரை ஆள் உயரம், காயோ காலடியில், தரையை ஒட்டிச் சரம் சரமாகக் கிடக்கும். அதனால் எடுக்கிறவள் நாள் முழுக்க இலைக்கூரைக்குக் கீழே உட்கார்ந்தே நகர வேண்டும். மதியத்துக்கு மேல் பனி இறங்கிவிட்டால் பக்கத்துத் தூரில் இருப்பவளின் புடவை நிறம்கூடத் தெரியாது. ஆகவே இங்கே தலையை எண்ணுவதில்லை, குரலைத்தான் எண்ணுகிறார்கள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. சாயங்காலம் ஜீப்பு கிளம்பும்முன் கோட்டைச்சாமி பேர் பேராகக் கூப்பிடுவார், ஒவ்வொருத்தியும் ஏறிய ஜீப்பிலிருந்தபடி "ஏறிட்டேண்ணே, எடுங்க" என்பாள். குரல் வந்தால் ஆள் உண்டு. இதில் தப்பு வரக்கூடும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பதினாலு நாளைக்கு முன்பு "பவதாரணி" என்று அவர் கூப்பிட்டதும் பனிக்குள்ளிருந்து "ஏறிட்டேண்ணே, எடுங்க" என்று வந்தது. முன் ஜீப்பில் இருந்தவர்கள் அவள் பின் ஜீப்பில் இருக்கிறாள் என்று நினைத்தார்கள், பின் ஜீப்பில் இருந்தவர்கள் முன் ஜீப்பில் என்று நினைத்தார்கள். கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, போடி பஸ் ஸ்டாண்டில் குதித்த பிறகுதான் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து விழித்தன.

தேடினார்கள். காட்டிலாகா வந்தது, போலீஸ் வந்தது, சொந்த ஊர் சிலமலையிலிருந்து நூறு பேர் டார்ச்சோடு வந்து ஒரு தூர் விடாமல் கம்பால் விலக்கிப் பார்த்தார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் முதல் குரல் வர ஆரம்பித்தது. அப்பா கண்ணுச்சாமி குறி சொல்கிற கோடாங்கி ஒருவனைக் கூட்டிவந்து உடுக்கை அடிக்கவைத்தார். பதினாறாம் நாள் காரியத்தைச் செய்துவிட்டால் குரல் அடங்கிவிடும் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான்.

"செத்ததை யாரு பாத்தா?" என்று கலையரசி கேட்டாள்.

"குரலு மட்டும் வருது, ஆளு வரலையேத்தா. அதுக்கு வேற என்ன அர்த்தம்?" என்றார் அப்பா.

"ஆளு வரலேன்னா இன்னும் தேடணும்னு அர்த்தம். உசுரோட இருக்கவளுக்குக் காரியம் பண்ண உங்களுக்குக் கை வருதாப்பா? நாளன்னைக்குள்ள நான் அவளக் கொண்டாந்து உங்க முன்னாடி நிறுத்துறேன். அதுவரைக்கும் அவ போட்டோவுக்கு ஒருத்தரும் மாலை போடக் கூடாது."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கலையரசி போடியில் தான் காய் சலிக்கிற குடோனில் லீவு சொல்லிவிட்டு, மறுநாள் காலை வாளியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனாள். பின் ஜீப்பை ஓட்டுகிற கார்த்தி, "நீ வேணாம்க்கா, உன்னைப் பாத்தா அது இன்னும் கத்தும்" என்றான்.

"கத்தட்டும். அதுக்குத்தான் வர்றேன்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

ஊரே நம்பிய ஒன்றை அவள் மட்டும் நம்பாமல் நின்றதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. அவளிடம் ஒரு பாஷை இருந்தது. உலகத்தில் இரண்டே பேர் பேசுகிற பாஷை.

அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்குப் பத்து. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மா இருவரையும் இதே காட்டுக்குக் கூட்டிவருவாள். கங்காணிக்குப் புரியாமல் அவரைத் திட்டுவதற்காகத்தான் முதலில் ஆரம்பித்தார்கள். பிறகு ருசி கண்டுவிட்டது. வார்த்தைகள் குப்பையாகக் குவிந்தபோது, காயைத் தரம் பிரிப்பதுபோல இதையும் பிரிக்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். ஆண் பெண் என்று வேண்டாம், உயர்ந்தது தாழ்ந்தது என்றும் வேண்டாம். எதை வைத்து ஒரு பொருளை அறிகிறோமோ அதை வைத்துப் பிரிப்போம். இப்படித்தான் மூன்று வீடுகள் வந்தன. பார்த்து அறிவது கண் வீடு, அதன் வார்த்தைகள் "மி" என்று முடியும். தொட்டு அறிவது கை வீடு, முடிவு "டோ". பார்க்காமல் தொடாமல் சத்தத்தால் மட்டும் அறிவது காது வீடு, முடிவு "லூ". இதற்கு மூணு வீட்டுப் பேச்சு என்று பேர் வைத்தார்கள்.

காய் பிசமி, ஏனென்றால் பழுத்ததா பிஞ்சா என்று கண்தான் சொல்கிறது. பனி எந்த வீடு என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. கண்ணுக்குத் தெரிகிறதே என்றாள் கலையரசி. தெரிவது பனி இல்லை, மற்றது தெரியாமல் போவதுதான் பனி, கன்னத்தில் ஈரமாகப் படுகிறதே அதுதான் நிஜம் என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். பனி கை வீட்டுக்குப் போனது, நெவடோ. யானை ரொம்ப நாள் காது வீட்டில் இருந்தது, ஏனென்றால் மூங்கில் முறிகிற சத்தம் தவிர அவர்கள் அதைப் பார்த்ததில்லை. போன வருடம் தேவாரத்தில் ஒரு சோளக்காட்டில் முதன்முதலாக யானையைப் பார்த்துவிட்டு அக்கா போன் செய்து, மூச்சிரைக்க, "ஏ புள்ள, அது வீடு மாறிருச்சு" என்று கத்தினாள். அக்காவுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். வெட்கமே கிடையாது.

மனிதர்களுக்கும் வீடு மாறும். எதிரே நின்றால் பவமி. பனிக்குள் போய்க் குரல் மட்டும் வந்தால் பவலூ. இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பவடோ. ஊருக்குக் காது வீடு என்றால் சாவு என்று அர்த்தமாகிவிட்டது. கலையரசிக்கு அப்படி இல்லை. அது வெறும் ஒரு வீடு, அங்கிருந்து வெளியே வர வழி உண்டு.

மூன்று மணிக்குப் பனி முழுதாக இறங்கியது. பகல்தான், ஆனால் இலைகளுக்குக் கீழே பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு மங்கல், அழுகிய இலையும் நசுங்கிய ஏலமும் சேர்ந்த வாசனை, எங்கோ ஒரு மருந்து பம்பு இரைந்து நின்ற பிறகு காதில் தங்கிவிட்ட அமைதி. கலையரசி வாளியை ஒரு தூரில் சாய்த்துவைத்துவிட்டு மேட்டை நோக்கி ஏறினாள். பொன்னுமணி பார்த்தாள்.

"எங்க போற? அங்க சோலி இல்லடி."

"எனக்கு இருக்கு."

"சொன்னாக் கேளு. அஞ்சு மணிக்கு வெரசா இறங்கிரணும்."

பத்தடி ஏறியதும் பொன்னுமணி இல்லை, பாதை இல்லை. ஈரமான ஏலத் தட்டைகள் இரண்டு பக்கமும் உரசின. கலையரசி நின்று, மூச்சைப் பிடித்து, மூணு வீட்டுப் பேச்சில் கூப்பிட்டாள். அக்கா எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள்.

"கலலூ" என்று வந்தது.

இடது கைப் பக்கம். ரொம்பக் கிட்டத்தில், இரண்டு தூர் தள்ளி. அக்காவின் குரலேதான், சளி பிடித்தால் வருகிற அந்தக் கரகரப்புகூட அப்படியே. கலையரசிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இலையை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். யாரும் இல்லை. இப்போது குரல் இன்னும் இரண்டு தூர் மேலே இருந்தது. வா, இங்கே வா, இன்னும் மேலே என்று அவர்களுடைய பாஷையில் கூப்பிட்டது. அவள் ஏறினாள். அது நகர்ந்தது. நகர்கிற சத்தம்தான் கேட்கவில்லை. ஒரு சருகு நொறுங்கவில்லை, ஓர் இலையிலிருந்து நீர் சிதறவில்லை.

நாலாவது தடவை அவள் நின்றுவிட்டாள்.

சிலமலைப் பெண்ணை அவ்வளவு சுலபமாக இழுத்துக்கொண்டு போய்விட முடியாது. "உன் கையில என்ன இருக்கு, சொல்லு" என்று மூணு வீட்டுப் பேச்சில் கேட்டாள்.

"பிசலூ."

கலையரசி புருவத்தைச் சுருக்கினாள். ஏலக்காய் காது வீட்டில் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நாக்குப் புரண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"உன் முகத்துல என்ன படுது?"

"நெவலூ."

பனிக்கு ஏது சத்தம்?

அக்கா ஒரு வாரம் சண்டை போட்டுத் தீர்ப்புச் சொன்ன வார்த்தை அது. பசியில் மறந்திருப்பாளோ, காய்ச்சலோ? கடைசியாக ஒன்றைக் கேட்டாள். அம்மா எந்த வீட்டில் இருக்கிறாள்?

அம்மா தேனி ஆஸ்பத்திரியில், கட்டிலில், இரண்டு மகள்களும் பக்கத்தில் இருக்கச் செத்துப்போனாள். அன்றைக்கு அக்கா அம்மாவின் வார்த்தையை எடுத்துக் கை வீட்டில் வைத்தாள். எண்ணெய் தேய்த்துவிட்ட கை, அதுதான் அம்மா, வேறு எங்கும் வைக்க முடியாது என்று அழுதாள். செத்தாலும் அக்கா அதை மாற்றிச் சொல்ல மாட்டாள்.

"மாவலூ" என்றது குரல்.

அந்த "லூ" முடிவதற்குள் குரல் மாறிவிட்டது. "ஏ புள்ளைகளா, எடுத்தது போதும், கஞ்சி குடிக்க வாங்க." அம்மாவின் குரல். இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய அம்மா, இதே மேட்டில், தூக்குவாளி மூடி உரசுகிற சத்தத்தோடு.

அம்மா இந்தக் காட்டில் சாகவில்லை. அவள் ஆவி இங்கே அலைய ஒரு காரணமும் இல்லை. அப்படியென்றால் இது ஆவி இல்லை. இது கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒன்று. இரண்டு சின்னப் பெண்கள் தூருக்குக் கீழே உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகப் பாஷை கட்டியபோது, அடுத்த தூரிலிருந்து இதுவும் கற்றுக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குக் கண் கிடையாது, கை கிடையாது. எல்லாவற்றையும் ஒரே வீட்டில் போட்டு வைத்திருந்தது, ஏனென்றால் அதற்குத் தெரிந்தது ஒரே வீடுதான்.

பயந்தாள். நன்றாகவே பயந்தாள். ஆனால் அம்மாவின் குரலைத் தொட்டதுதான் அது செய்த தப்பு.

"யாரு வூட்டு ஆத்தா குரலை யாரு எடுத்துப் பேசுறது?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "என் அக்காளை எங்க வச்சிருக்க? மரியாதையா விட்டுரு. ஊர்க்காரன் மாதிரி உன் சத்தத்தைக் கேட்டு ஓடுறவன்னு நெனச்சியா? நான் கண்ணுச்சாமி மக. இந்த மலையையே பேத்து எடுத்துருவேன்!"

மேட்டில் மோதி எதிரொலி திரும்பியது. பேத்து எடுத்துருவேன். மறுபடி கத்தினாள். மறுபடி திரும்பியது, இந்தத் தடவை அவள் கத்தியதைவிடத் தெளிவாக. தொண்டை வறண்டு எரிந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு யோசித்தாள்.

அக்கா காது வீட்டில் இல்லை. அங்கே இருப்பது வேறொன்று. அக்கா கண் வீட்டிலும் இல்லை. நூறு பேர் பார்த்துவிட்டார்கள். அத்தனை பேரும் டார்ச்சு அடித்துப் பார்த்தார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டார்கள். கையால் யாரும் தேடவில்லை.

மிச்சம் ஒரு வீடு இருந்தது.

முந்தானையை இழுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாள். குரல் உடனே பதறியது. கலலூ, இங்கே, இங்கே என்று வலது பக்கமிருந்து கூப்பிட்டது. அவள் இடது பக்கம் திரும்பினாள். குரல் அந்தப் பக்கம் ஓடிவந்து கூப்பிட்டது. அவள் மேலே போனாள். அது எந்தப் பக்கம் கூப்பிடாமல் விடுகிறதோ, அந்தப் பக்கம். முட்டி போட்டு, இரண்டு கையையும் தூருக்குள் நுழைத்து, ஒவ்வொன்றாகத் தடவினாள். ஈரத் தட்டை. சொரசொரப்பான அடி. சேறு. சரம், அதில் உருண்டையாக நாலு காய். அடுத்த தூர். தட்டை, தட்டை, கல். மணிக்கட்டில் ஓர் அட்டை ஏறியது. எடுக்கவில்லை. அடுத்த தூர். குரல் இப்போது அப்பாவைப்போல் அழுதது, பொன்னுமணியைப்போல் கெஞ்சியது, அக்காவின் சின்ன மகனைப்போல் அம்மா அம்மா என்றது. அடுத்தது. தட்டை. தட்டை.

சொட்டுகிற சத்தம் நின்றது.

குரலும் நின்றது.

தட்டை. சேறு. தட்டை.

விரல்.

கையை இழுக்கவில்லை. உடம்பு பின்னால் துள்ளியது, கை மட்டும் அங்கேயே இருந்தது. சில்லென்று, நாள் முழுக்கத் துணி துவைத்த கைபோல ஊறிச் சுருங்கிய விரல்கள். பிசின். வளைந்து ஒட்டிப்போன சுண்டு விரல். அக்கா எண்ணெய் தேய்க்கும்போது தலையில் குத்துகிற அதே சுண்டு விரல்.

பவடோ.

அந்த விரல்கள் மெதுவாக மூடி, அவள் கையைப் பிடித்தன.

கண்கட்டை ஒரு கையால் இறக்கிப் பார்த்தாள். எதிரே ஏலச்செடி, பனி. தன் கை நீட்டியபடி ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் பிடி இருந்தது. இறுகியது. நாடி ஓடியது. உயிரோடுதான் இருக்கிறாள் என்று சந்தோஷத்தில் கலையரசிக்கு அழுகை வெடித்தது. "அக்கா" என்றாள்.

சத்தம் வரவில்லை.

தொண்டையில் கையை வைத்து மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது, காற்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. சரி, குரல் போனால் போகட்டும் என்று நினைத்தாள். சொல்ல வேண்டியதைக் கீழே போய் எழுதிக் காட்டிக்கொள்ளலாம். பிடித்த கையோடு திரும்பி இறங்க ஆரம்பித்தாள். பின்னால் ஒரு பாரம் வந்தது, நடக்கிற ஆளின் பாரம், தடுக்கி, நின்று, மறுபடி வருகிற பாரம். ஒவ்வோர் அடிக்கும் அது கூடிக்கொண்டே போனது.

பாதைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. இரண்டு ஜீப்பும் லைட்டைப் போட்டு இரைந்துகொண்டு நின்றன. இருபதடி தூரம். டீசல் வாடை மூக்கில் ஏறியது. கோட்டைச்சாமி பேர் பேராகக் கூப்பிடத் தொடங்கினார்.

கலையரசி அந்த இருபதடியையும் ஒரே மூச்சில் கடக்கப் பார்த்தாள். நாலடி நகர்ந்ததும் பின்னாலிருந்த பாரம் அவளை நிறுத்திவிட்டது. முழுப் பலத்தையும் போட்டு இழுத்தாள். நகரவில்லை.

"பொன்னுமணி!"

"ஏறிட்டேண்ணே, எடுங்க."

"கலையரசி!"

வாயைத் திறந்தாள். காற்று.

"ஏறிட்டேண்ணே, எடுங்க" என்றது அவளுடைய குரல். அவளுக்குப் பின்னால், மேட்டிலிருந்து, தெளிவாக.

கோட்டைச்சாமி நோட்டில் எழுதினார். முன் ஜீப்பு கிளம்பியது. பின் ஜீப்பு நேராக அவள் பக்கம் திரும்ப, லைட் வெளிச்சம் முகத்தில் அடித்தது. ஓட்டிக்கொண்டிருந்த கார்த்தி அவளையே பார்த்தான். பார்த்தான், கண்ணைச் சுருக்கினான், வைப்பரைப் போட்டான். அவள் பின்னால் பாதையில் நிழல் விழவில்லை.

"கலை முன் ஜீப்புல ஏறிட்டாளா?" என்று பொன்னுமணி உள்ளேயிருந்து கேட்டாள்.

"குரலு வந்துச்சுல்லக்கா."

இந்தக் கையை விட்டால் போதும் என்று கலையரசிக்குத் தெரிந்தது. விட்டுவிட்டு ஓடி, பின் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிடலாம். விட்டதும் எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். கார்த்தி பிரேக்கைப் போடுவான். வீட்டுக்குப் போய், நாளன்றைக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, காரியத்துக்கு வந்தவர்களுக்குப் பந்தி பரிமாறலாம்.

ஜீப்பு அவளை உரசிக்கொண்டு போனது. சேறு தெறித்தது. முதல் வளைவில் சிவப்பு விளக்கு இரண்டும் மறைந்தன. அவள் கையை விடவில்லை.

கோபம்தான் வந்தது. அப்படி என்ன பாரம் என்று பார்த்துவிடலாம் என்று திரும்பி, அக்காவின் கையைப் பிடித்தபடியே மேலே தடவினாள். மணிக்கட்டு. முழங்கை. தோள், அதில் ஒட்டிய, மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாள். முகம் இருந்தது. கண் இமைகள் மூடித் திறந்தன, உதடு அவள் உள்ளங்கையில் வேகமாக அசைந்தது, எதையோ சொல்லிச் சொல்லி, வேண்டாம் என்பதுபோலவோ விடாதே என்பதுபோலவோ. கலையரசி அடுத்த தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள். அந்தக் கை பின்னால் நீண்டு விறைத்திருந்தது. முழங்கை. மணிக்கட்டு. விரல்கள்.

விரல்களுக்குள் வேறு விரல்கள்.

தடித்த விரல்கள், நகத்தில் பாதி இல்லை. கண்ணாடி வளையல். இந்தக் காலத்தில் யாரும் போடாத மெல்லிய ரப்பர் வளையலும் கூட. அந்தக் கையின் தோள். மழைக்குத் தலையோடு போர்த்துகிற சாக்குக் கொங்காணி, மட்கிப்போனது. அதன் அடுத்த கை. அதற்குள் இன்னொன்று, ஆண் பிள்ளையின் கை, மோதிரம். அதற்கும் பின்னால் ஒரு கை இருந்தது. அவள் கைக்கு எட்டிய தூரம் அவ்வளவுதான்.

எத்தனை சாயங்காலம் இங்கே குரல் கணக்கு சரியாக இருந்திருக்கும்?

கலையரசி பாதை நடுவில் வந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். இன்னொரு முனையைக் கிழித்து, தன் மணிக்கட்டையும் அக்காவின் மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். மேட்டிலிருந்து அவளுடைய குரல் அவளைக் கூப்பிட்டது, ஊர் ஊராக, பேர் பேராக, அவள் வாழ்நாளில் கூப்பிட்ட எல்லாரையும் கூப்பிட்டது. அவள் திரும்பவில்லை. குதிகாலை மண்ணில் ஊன்றி ஒரு இழு இழுத்தாள்.

அக்காவுக்குப் பின்னால் முதல் தூர் அசைந்தது. அதற்குப் பின்னால் அடுத்த தூர். பிறகு அதற்கு அடுத்தது. பனி ஒரு கணம் விலகிய சரிவில் ஒற்றைக் கோடாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஏலச்செடிகள் ஆடிக்கொண்டே மேலே போயின. பாறையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, சோலைக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, மலை உச்சி வரைக்கும். உச்சியிலும் நிற்கவில்லை.

கலையரசி மறுபடி இழுத்தாள்.